வாய்க்கால்புதூர் வரவேற்புக் குழு

கழண்டுருச்சுங்களா? கழலும் தம்பி, கழலும். இந்த எடத்துக்கு வந்தா எல்லாத்துக்கும் செயின் கழண்டுக்குது. என்ன ராசியோ தெரியலைங்க. வேகத்தடை நல்லாத்தான் போட்டிருக்குது. நானே பக்கத்துல நின்னு போடச் சொன்னது. எருமை படுத்துக் கெடக்கற ஒசரத்துக்கு, வரிசையா, ஒண்ணு உட்டா இன்னொண்ணு. அப்படியும் கழலுதுன்னா என்ன பண்றதுங்க? இப்பத்திச் சைக்கிளெல்லாம் அவ்வளவுதான். வெலையைக் கேட்டா மயக்கம் வருது, ஒரு மேடு ஏறி எறங்கத் தெம்பில்லை.

உக்காருங்க. அட, உக்காருங்கங்கறேன். நெழல்ல உக்காந்து மாட்டுங்க. கையில கிரீசு பட்டா பட்டுட்டுப் போகுது, வாய்க்கால்ல கழுவிக்கலாம். நீங்க மாட்டீட்டே இருங்க, நான் பேசீட்டே இருக்கறேன். எனக்கொண்ணும் அவசரமில்லீங்க.

ஊரு? ஈரோடுங்களா! நல்லது, நல்லது. தனியாவா மிதிச்சுட்டு வந்தீங்க? பாலத்துல திரும்பி அக்கட்ட, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஈச்சம்பள்ளத்துக்குத்தானே போகோணும்? தெரியுமுங்க. செல்லுல மேப்பு அப்படித்தான் காட்டும். நீங்க பாலத்துல திரும்பாம நேரா வந்துட்டீங்க. தப்புன்னு நெனைக்காதீங்க தம்பி. மேப்பே மொதல்ல இப்படித்தானுங்க இருந்துச்சு. இந்தக் கரை, இந்த வாய்க்கால் மேடு, எங்க வாய்க்கால்புதூரு. இப்பத்தான் அக்கட்ட மாத்தி உட்டுட்டாங்க. ஏன் மாத்துனாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அதைத்தான் வர்றவங்ககிட்டயெல்லாம் கேட்டுட்டு இருக்கறேன். வர்றவங்கதான் கொறைஞ்சு போச்சு.

நான் நாச்சிமுத்துங்க. தலைவர்னு சொன்னா இந்தப் பள்ளத்தாக்குல ஆருக்கும் தெரியும். பால் சொசைட்டிக்குத் தலைவரா இருந்தேன். இப்ப இல்லீங்க. ஆனா கூப்புடறவங்க நிறுத்தலை. நிறுத்தச் சொல்லி நானும் சொல்லலை.

சேந்தனாறு மலையை உட்டு எறங்கி இந்த வளைவுக்கு வந்ததும் சாதுவாயிருது, பாத்தீங்கல்ல? ரெண்டு பக்கமும் வாய்க்கால். வாய்க்கால் மேட்டுல ஒரு தடம். பஸ்ஸு கெடையாது, லாரி நுழையாது. மாட்டுவண்டியும் பால்வண்டியும் போற தடம். இதுல போயி சைக்கிள் ஓட்டறதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஆளு வரும்னு நான் கனவு கண்டேனா? ஆனா வந்தாங்க. ஒரு மார்கழியில, பனி எறங்கீட்டு இருக்கறப்ப, அஞ்சாறு பேரு வந்தாங்க. தலையில தொப்பி, கண்ணுல கண்ணாடி, ஒடம்பை இறுக்குன சட்டை. நான் மொதல்ல ஏதோ கவர்மெண்டு சர்வேக்காரங்கன்னுதான் நெனைச்சேன்.

அதுல ஒரு பொண்ணு, மிருதுளான்னு பேரு. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை. எந்த ஊர்ல எந்தத் தடத்துல சைக்கிள் ஓட்டலாம்னு மேப்புப் போட்டு எல்லாத்துக்கும் அனுப்பறது அந்தப் பொண்ணுதான். அன்னைக்கு ஒருத்தருக்கு டயர் வெடிச்சுப் போச்சு. எங்க ஊட்டு முன்னாடிதான் வெடிச்சுது. என்ற தங்கச்சி தெய்வானை வாசல்ல நின்னவ, எல்லாத்தையும் உள்ளே கூட்டி உக்கார வெச்சுச் சந்தகை புழிஞ்சு போட்டா.

சந்தகை சாப்பிட்டிருப்பீங்கல்ல? இடியாப்பம்னு சொல்லாதீங்க, எங்க பக்கத்துல கோவிச்சுக்குவோம். ஆவியில வெந்த மாவைச் சூடு ஆறறதுக்குள்ள சந்தகை மரத்துல, அந்த அச்சுல வெச்சு அழுத்திப் புழியோணும். தேங்காப்பாலும் வெல்லமும் ஊத்தி அவ குடுத்தா, ஈரோட்டுக்காரரு நீங்களே எந்திரிக்க மாட்டீங்க. அவங்களும் எந்திரிக்கலை. தின்னு முடிச்சுட்டு வாய்க்கால் படியில உக்காந்து காலைத் தண்ணிக்குள்ள உட்டுட்டு, ஒருத்தருக்கொருத்தர் பேசக்கூட இல்லீங்க. சும்மா உக்காந்திருந்தாங்க. போறப்ப அந்தப் பொண்ணு தெய்வானை கையைப் புடிச்சுட்டு, அடுத்த சனிக்கெழமை வந்து தங்கிக்கலாமாக்கான்னு கேட்டுச்சு.

தெய்வானை எனக்கு ஒரே தங்கச்சிங்க. நெம்ப எளையவ. கட்டிக் குடுத்த எடத்துல மாப்பிள்ளை போயிச் சேந்துட்டாரு. புள்ளை குட்டி இல்லை. நான்தான் போயிக் கூட்டிட்டு வந்து என் ஊட்டுப் பொறகால இருக்கற ரெண்டு ரூமைக் குடுத்தேன். என் சம்சாரம் பெங்களூர்ல மகன் ஊட்டுல பேத்தியைப் பாத்துட்டு இருக்கறா. இங்க நானும் தங்கச்சியுந்தான். சோப்பு வாங்கோணும்னாலும் எங்கிட்டத்தான் வந்து நிப்பா. கேக்க மாட்டா. நிப்பா. நான் என்னன்னு கேக்கோணும்.

அந்த ரெண்டு ரூமுல ஒண்ணை வெள்ளையடிச்சா. கட்டல் போட்டா. சனிக்கெழமையானா ஆளு வர ஆரம்பிச்சுது. காசு வாங்கறது எனக்குப் புடிக்கலைங்க. ஊடு தேடி வந்த ஒறம்பரைகிட்டக் காசு வாங்கறதான்னு கேட்டேன். அந்த மிருதுளாப் பொண்ணு சொல்லுது, காசு வாங்குனாத்தான் வருவோம் அங்கிள்னு. அப்பறம் தெய்வானை நடையே மாறிப் போச்சு. மாவு ஆட்டறதுக்கு மிசினு வாங்குனா. புதுசா ரெண்டு சேலை எடுத்தா. எங்கிட்ட வந்து நிக்கறதை நிறுத்திட்டா. எனக்கு அது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா சந்தோசந்தானுங்க. அண்ணனுக்குச் சந்தோசம் இருக்காதுங்களா?

அதுக்கப்பறம் ஒரு நாளு அந்தப் பொண்ணு எங்கிட்டச் சொல்லுச்சு. "அங்கிள், இந்த வளைவுக்கு வந்தா ஒரு சத்தமும் இல்லை, தண்ணி போற சத்தம் மட்டுந்தான் கேக்குது. அதுக்காகத்தான் வர்றோம்" அப்படின்னுச்சு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு தம்பி. அத்தனை தொலைவுல இருந்து மிதிச்சுட்டு வர்றாங்க, வந்த ஊர்ல ஒரு சத்தமும் இல்லைன்னா என்னங்க அர்த்தம்? வாங்கன்னு கேக்க ஒரு நாதியில்லைன்னு அர்த்தம். படிச்ச புள்ள, நாசூக்காச் சொல்லுது. நமக்குப் புரிய வேண்டாமா?

எங்க பக்கத்துல ஒருத்தரை வாங்கன்னு கேக்காம உட்டா அது சாமானியமான கோவமில்லைங்க. என் பெரியப்பன் மகன் கல்யாணத்துல என்னை அவன் வாங்கன்னு கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் அவன் ஊட்டுப்படி நான் மிதிக்கலை. அவன் அன்னைக்கு மாப்பிள்ளைங்க, மணவறையில உக்காந்து மந்திரம் சொல்லீட்டு இருந்தான். இருந்தா என்னங்க? கண்ணு இல்லையா, வாயி இல்லையா?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். வாய்க்கால்புதூர் மிதிவண்டிப் பயணிகள் வரவேற்புக் குழு. தலைவர் நான். செயலாளர் கெடைக்கற வரைக்கும் அதையும் நானே பாத்துக்கறதுன்னு தீர்மானம். மொத வேலையா ஊரு எல்லையில ஒரு பிளக்ஸு. அதுல நான் கும்புட்ட மாதிரி ஒரு போட்டோ. நல்லாப் பெருசா, தூரத்துல இருந்தே தெரியறாப்புல. சைக்கிள்காரங்க படம் நம்மகிட்ட இல்லை. பிளக்ஸ் கடைக்காரன் அவன்கிட்ட இருந்த வெள்ளைக்காரங்க படத்தைப் போட்டு மூலையில சொருகிட்டான். தெய்வானை படம் போடலீங்க. பொம்பளப்புள்ள படம் ரோட்டுல எதுக்கு? அவளே வேண்டாம்னிருப்பா. கேக்கலை, ஆனா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பா.

பிளக்ஸ் வெச்சாச்சு, ஆனா பிளக்ஸு வாயத் தொறந்து வாங்கன்னு சொல்லுமா? அதனால பொன்னாடை. ஆளுக்கொரு பொன்னாடை போத்தோணும்னு முடிவாச்சு. பொன்னாடையைச் சும்மா போத்தி அனுப்ப முடியுங்களா? ரெண்டு வார்த்தை பேசோணும். பேசோணும்னா மைக்கு வேணும். மைக்கு வெச்சா ஆளு கூடும், ஆளு கூடுனா பந்தல் வேணும். பந்தல் போட்டுட்டு நாமளே பேசுனா மரியாதையா இருக்குமா, ஒரு சிறப்பு விருந்தினர் வேணும். பாருங்க, ஒண்ணைத் தொட்டா ஒண்ணு. இதுல நான் எதைக் கொறைச்சிருக்க முடியும், நீங்களே சொல்லுங்க.

மொத விழா அமோகம். காத்தால பனியில பத்துப் பதினஞ்சு பேரு வந்தாங்க. வரவேற்பு வளைவு கட்டி வெச்சிருந்தோம், அதுலயே மடக்கிட்டேன். பிளாஸ்டிக் சேர்ல வரிசையா உக்கார வெச்சாச்சு. சிறப்பு விருந்தினரு யூனியன்ல ஒரு முக்கியமானவரு. அவருக்கு அன்னைக்கு ரெண்டு வளைகாப்பு, ஒரு எழவு. எல்லாம் முடிச்சுட்டு வெயில் ஏறுனப்பறம்தான் வந்தாரு. வந்தவரு நல்லாப் பேசுனாருங்க. சைக்கிள்ல ஆரம்பிச்சுச் சக்கரம் கண்டுபுடிச்ச கதைக்குப் போயி, அங்க இருந்து அவரோட அரசியல் வாழ்க்கைக்கு வந்து, உச்சிப்பொழுதுக்குத்தான் பேச்சை எறக்குனாரு. தெய்வானை புழிஞ்சு வெச்ச சந்தகை ஆறி, குச்சி மாதிரி ஆயிருச்சு. அவ பந்தக்கால்கிட்ட நின்னு எனக்கு ஜாடை காட்டீட்டே இருந்தா. நான் மேடையில இருக்கறப்ப ஜாடைக்கெல்லாம் எந்திரிச்சுப் போக முடியுங்களா?

ஒரு பையன் பொன்னாடையைத் தலையோட போத்திட்டு அப்படியே தூங்கிட்டான். அவ்வளவு நிம்மதி. இன்னொருத்தரு கையக் கும்புட்டு, "போதுங்க, நாங்க கெளம்பறோம்"னாரு. அடக்கமான ஆளு. அப்படிச் சொல்றவங்களுக்குத்தான் நாம எச்சாச் செய்யோணும். மாலையும் சேத்துப் போட்டேன்.

போறப்ப ஒருத்தரு, பொன்னாடை சக்கரத்துல சிக்கி, வாய்க்கால்ல உழுந்துட்டாரு. தண்ணி கம்மிதானுங்க. உடுப்பு நனைஞ்சதுன்னு மாத்திட்டு, மஞ்சச் சட்டையும் தொப்பியும் எங்க ஊட்டுக் கொடியிலயே உட்டுட்டுப் போனாரு. எடுக்க வருவாருன்னு பாத்தேன். வரலை.

அவங்களுக்கு அமைதி நெம்பப் புடிக்குதுன்னு தெய்வானைதான் சொன்னா. "அண்ணா, அவங்க வர்றதே அமைதிக்காகத்தானுங்ணா" அப்படின்னா. சரி, அதையும் செஞ்சு குடுத்துருவோம்னு தென்னைமரத்துல வரிசையாக் கொழா ஸ்பீக்கர் கட்டுனேன். என் கொரல்லயே பதிஞ்சு போட்டேன். "அன்பார்ந்த மிதிவண்டிப் பயணிகளே! வருக, வருக! நீங்கள் இப்பொழுது அமைதியான பள்ளத்தாக்கில் நுழைந்திருக்கிறீர்கள். தயவுசெய்து அமைதியை அனுபவிக்கவும். இவண், தலைவர்." இது ஓடி முடிச்சதும் நாதசுரம். நாதசுரம் முடிஞ்சதும் மறுக்கா இது. விடியறதுக்கு முந்தியே போட்டு உட்டா பொழுது உழுகற வரைக்கும் ஓடும். வேற எந்த ஊர்லயாச்சும் அமைதிக்குன்னு இவ்வளவு செலவு பண்ணியிருக்கறாங்களா? எனக்குத் தெரிஞ்சு இல்லை.

ஆத்தோரம் கொக்கும் நாரையும் கூட்டங்கூட்டமா நிக்கும், சைக்கிள்காரங்க அதைப் போட்டோ எடுப்பாங்க. அந்தச் சமயம் பாத்து அதெல்லாம் அக்கட்ட போயி உக்காந்துக்குச்சு. நன்றியில்லாத பறவைங்க.

இதைப் பாத்துட்டு இருந்தானுங்க கீழ்த்தோட்டத்துக் குப்பணன். ஆத்தோட கீழ போனா அடுத்த ஊரு. சொசைட்டித் தேர்தல்ல எனக்கு எதிரா நின்னவன். நான் ஒண்ணு செஞ்சா அவனுக்குத் தூக்கம் வராது. அவனும் ஒரு வரவேற்புக் குழு ஆரம்பிச்சான். செண்டை மேளம் கொண்டாந்து எறக்குனான். டிராக்டர்ல மேளத்தை ஏத்தி, சைக்கிளுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. சைக்கிள்காரங்க நம்ம பந்தலைப் பாத்ததும் தலையைக் குனிஞ்சுட்டு அழுத்தி மிதிக்க ஆரம்பிச்சாங்க. குப்பணன் மேளத்தைக் கேக்கத்தான் அந்தப் பறப்புன்னு எனக்கு வயித்தெரிச்சல். அங்க போயி விசாரிச்சா அவன் ஊர்லயும் நிக்காம மிதிக்கிறாங்களாம், நம்ம பந்தலுக்குப் பறக்கறாங்கன்னு அவனுக்கு வயித்தெரிச்சல்.

உட முடியுமா? அதுக்காகத்தான் இந்த வேகத்தடை. அதுபோக நம்ம பசங்க புல்லட்டுல முன்னால போயிப் பாதுகாப்புக் குடுக்கறதுக்கு ஏற்பாடு. புல்லட்டுல சைலன்சரைக் கழட்டிட்டாத்தான் வர்றது நாலு பேருக்குத் தெரியும்னு பசங்க சொன்னாங்க. நியாயந்தானே?

ஒரு நாளு மிருதுளாப் பொண்ணு தனியா வந்துச்சு. காருல வந்துச்சுங்க, சைக்கிள்ல இல்லை. எங்கூட ரொம்ப நேரம் பேசுச்சு. "அங்கிள், உங்க அன்பு புரியுது. ஆனா எங்களுக்கு ஒண்ணுமே வேண்டாம். நாங்க வந்ததே தெரியாத மாதிரி உட்டுருங்க"ன்னுச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு அந்தப் புள்ளைக்கு. எனக்கும் வந்துருச்சு. நாம செஞ்சது அவ்வளவு தூரம் நெஞ்சைத் தொட்டிருக்குது. அந்தப் புள்ளைக்கும் ஒரு பொன்னாடை போத்தித்தான் அனுப்புனேன். கார்ல ஏறுன கையோட போயிட்டுது.

அதுக்கப்பறந்தான் ஆளு கொறைஞ்சுது. சனிக்கெழமை சாயங்காலம் தெய்வானை மாவாட்டி வெச்சுட்டு வாசலைப் பாத்துட்டு உக்காந்திருப்பா. ஒருத்தரும் வர மாட்டாங்க. நாயித்துக்கெழமை மாவு பொங்கிப் புளிச்சுக் கெடக்கும். அதை மாட்டுக்கு ஊத்துவா. அடுத்த வாரமும் ஆட்டுவா. அப்பறம் ஒரு நாளு செலவுக்கு எங்கிட்ட வந்து நின்னா தம்பி. பழையபடி, ஒண்ணும் கேக்காம. எனக்கு மனசு பொறுக்கலை. இந்தா வெச்சுக்கன்னு வேணுங்கறதுக்கு மேலயே குடுத்தேன். அவ அதை வாங்கிக் கையிலயே வெச்சுட்டு நின்னா, மடியில சொருகலை.

"அண்ணா, வர்றவங்களைச் சும்மா உடுங்ணா. எனக்கு இது ஒண்ணுதானுங்ணா இருக்குது" அப்படின்னா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. வராதா? "நான் செய்யறது ஆருக்காகத் தெய்வானை? உனக்காகத்தானே இத்தனையும்? என் போட்டோவைப் பாத்து வர்றவங்க உன் சந்தகையைத் தானே திங்கறாங்க?"ன்னு சத்தம் போட்டேன். சத்தம் போட்டது ஸ்பீக்கர் சத்தத்துல அவளுக்கு முழுசாக் கேட்டுச்சோ என்னமோ. அவ உள்ள போயிட்டா.

வாரம் திரும்பலை, சந்தகை மரத்தைத் தலையில வெச்சுட்டுக் கெளம்பிட்டா. "நான் ஆத்துக்கு அக்கட்ட போறனுங்ணா. ஈச்சம்பள்ளத்துல மஞ்சக் காய வெக்கற கொட்டகை ஒண்ணு சும்மா கெடக்குதாம். கோவிச்சுக்காதீங்க. வேளைக்கு மாத்திரை போட்டுக்கோங்க" அப்படின்னுட்டுப் போனா. நான் வளைவுக்கிட்ட நின்னு பாத்துட்டு இருந்தேன். போகாதேன்னு சொல்லத்தான் நெனைச்சேன். ஸ்பீக்கர்ல நான் பாட்டுக்கு வருக வருகன்னு சொல்லீட்டு இருக்கறேன், அவ பாட்டுக்குப் பாலத்து மேல போயிட்டு இருக்கறா.

அந்த மாசமே மேப்பை மாத்திட்டாங்க. பாலத்துல திரும்பி அக்கட்டக் கரையில போறாப்புல. குப்பணன்தான் ஏதோ உள்வேலை பண்ணிட்டான்னு நெனைச்சேன். ஆனா அவன் ஊரையும் உட்டுட்டாங்கன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. இப்ப அவனும் நானும் ராசி. துக்கம் ஒண்ணாயிருச்சுல்ல.

மாட்டீட்டீங்களா? நல்லா மாட்டுங்க, பாதியில கழண்டுக்கப் போகுது. ஒரு கதை சொல்றேன், ஆருகிட்டயும் சொன்னதில்லை.

ஊடு வெறிச்சுனு கெடந்துச்சு தம்பி. ஆக்கித் திங்கத் தெரியாது எனக்கு. ஓட்டல் சோறு எறங்கலை. அவ எப்படி இருக்கறான்னு பாக்கோணும். ஆனா நேராப் போனா தலைவரே எறங்கி வந்துட்டாருன்னு ஊரு பேசும். கொடியில அந்த மஞ்சச் சட்டையும் தொப்பியும் தொங்கீட்டு இருந்துச்சு. எடுத்து மாட்டிட்டேன். சிரிக்காதீங்க. சட்டை தொப்புளுக்கு மேலதான் நின்னுச்சு. கறுப்புக் கண்ணாடி ஒண்ணு போட்டுட்டு, பால்காரன் சைக்கிளை வாங்கிட்டு ஒரு நாயித்துக்கெழமை காத்தால பாலத்தைத் தாண்டுனேன்.

கொட்டகைக்கு ஒரு போர்டு இல்லீங்க. ஒரு வளைவு இல்லை, ஒரு தோரணம் இல்லை. கீத்து மறைப்பு, நாலு பெஞ்சு. ஆளு மட்டும் நெறைய. ஒருத்தரும் சத்தமாப் பேசலை. ஆத்தைப் பாத்துட்டுத் தின்னுட்டு இருந்தாங்க. நம்ம கொக்கு, நாரை எல்லாம் அங்கதான் நிக்குது. நானும் ஒரு ஓரமா உக்காந்தேன். தெய்வானை வந்தா. கொஞ்சம் சதை போட்டிருந்தா. சிரிச்ச மூஞ்சியா இருந்தா. எங்க ஊட்டுல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. வெளி ஆளுங்ககிட்ட அப்படித்தான் இருக்கோணும், யாவாரமில்லையா.

வரிசையா எல்லாத்துக்கும் தேங்காப்பாலும் வெல்லமும் ஊத்திட்டே வந்தா. எங்கிட்ட வந்ததும் நின்னா. திரும்பி உள்ள போனா. எனக்கு மட்டும் எலுமிச்சைச் சந்தகை கொண்டாந்து வெச்சா. எனக்குச் சர்க்கரை வியாதிங்க. தொப்பியைக் கழட்டலை, கண்ணாடியைக் கழட்டலை, வாயத் தொறக்கலை. அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

தெரிஞ்சும் வாங்கன்னு கேக்கலை. எலையைப் பாத்துட்டே, பக்கத்துல இருக்கறவங்களுக்கும் சேத்துச் சொல்ற மாதிரி மெதுவாச் சொன்னா. "போறப்ப பாலத்தைத் தாண்டி நேராப் போயிராதீங்க. அக்கட்ட எங்கண்ணன் இருக்கறாரு. தங்கமான மனுசன். ஆனா புடிச்சா உடமாட்டாரு. நான் இங்க இருக்கறதே அதுக்காகத்தான்."

அப்பறம் என் பக்கமாக் குனிஞ்சு இன்னுங்கொஞ்சம் சந்தகை வெச்சா. நான் தின்னுட்டு எந்திரிச்சேன். எல்லாத்தையும் போலக் காசு குடுத்தேன். எல்லாத்துக்கிட்டயும் வாங்கற மாதிரி வாங்கிட்டா.

ஊட்டுக்கு வந்து அழுதனுங்க. சொல்றதுக்கென்ன, நல்லா அழுதேன். அவ சொன்னதைத் திருப்பித் திருப்பி ரோசனை பண்ணிப் பாத்தேன். நான் இருக்கறது தெரிஞ்சேதான் சொல்லியிருக்கறா, அப்ப எனக்குத்தான் சொல்லியிருக்கறா. என்ன சொல்றா? போற வர்றவங்களெல்லாம் அண்ணன் ஊட்டு வாசல்ல போயி நின்னா, அண்ணன் உடமாட்டாரு, பந்தல், பொன்னாடைன்னு கைக்காசைப் போட்டு அலைஞ்சு ஒடம்பைக் கெடுத்துக்குவாரு, சர்க்கரை வேற. அதனால ஆத்துக்கு அக்கட்டயே எல்லாத்தையும் தடுத்து வெச்சுட்டு இருக்கறா! நான் இங்க இருக்கறதே அதுக்காகத்தான்கறாளே! எனக்காக ஊட்டை உட்டுட்டுப் போயி ஒரு மஞ்சக் கொட்டகையில கெடக்கறா தம்பி. எந்தத் தங்கச்சி செய்வா? நானும் அவ மேல கோவமா இருந்தேன் பாருங்க, எவ்வளவு பெரிய முட்டாப்பய நான்.

அதை நெனைச்சா எனக்குச் சோறு எறங்கறதில்லை. அவளுக்கு அங்க ஆரிருக்கறாங்க? வர்றவங்களை வாங்கன்னு கேக்க ஒரு ஆம்பளை இல்லை. ஒரு போர்டு கூட இல்லாம, பேரில்லாத ஊடு மாதிரி.

அதனாலதானுங்க முடிவு பண்ணிட்டோம். குழுவை அப்படியே அக்கட்ட மாத்தறது. அதா, அந்த டிராக்டர்ல ஏத்தி வெச்சிருக்கறது பாருங்க, அது வளைவுதான். ஸ்பீக்கரெல்லாம் மரத்தை உட்டு எறக்கியாச்சு. ஈச்சம்பள்ளத்துக்காரங்ககிட்டயும் பேசிட்டேன், அவங்களுக்கும் சந்தோசம், நாங்களும் ஒரு குழு வெக்கறோம்கறாங்க. குப்பணன் மேளத்தோட வர்றான். புதுப் பிளக்ஸு அடிச்சாச்சு. இந்த வாட்டி தெய்வானை படமும் போட்டிருக்கறேன், என் படத்துக்குக் கீழ. வர்ற நாயித்துக்கெழமை காத்தால, எல்லாரும் தின்னுட்டு இருக்கறப்ப, ஒரே சமயத்துல கொட்டகையைச் சுத்தி ஸ்பீக்கரு, மேளம் எல்லாத்தையும் தொறந்து உடறதுன்னு ஏற்பாடு.

ஏந் தம்பி, எந்திரிச்சுட்டீங்க? செயின் மாட்டியாச்சா? அங்கதானே போறீங்க, போங்க, போங்க. நல்லாச் சாப்புடுங்க. ஆனா ஒரு ஒத்தாசை பண்ணோணும். அவகிட்ட ஒண்ணுஞ் சொல்லிராதீங்க. முன்னாடியே தெரிஞ்சா வேண்டாம்பா, கூச்சப்படற புள்ள. அன்னைக்குக் கொட்டகையை உட்டு வெளிய வந்து பாக்கறப்ப அவ மூஞ்சியை நான் பக்கத்துல நின்னு பாக்கோணும். அழுதுருவா தம்பி. கூடப் பொறந்தவன் எனக்குத் தெரியாதுங்களா? கண்டிப்பா அழுதுருவா.